வைரம் தேடினார், கரி கிடைத்தது!

அச்சாணி காய்ந்துவிட்டால் வண்டி கத்தும். கொஞ்சம் மசகு போட்டால் சத்தம் அடங்கிவிடும்.

கட்டை வண்டிக்கு மட்டும் அல்ல. நூல் ஆலைக்கும், ரெயில் எஞ்சினுக்கும், மோட்டார் காருக்கும் இதே கதைதான். இரும்பும் இரும்பும் உரசினால் சூடு பிறக்கும். சூடு ஏறினால் தேய்மானம். தேய்ந்த யந்திரம் ஒரு நாள் நின்றுவிடும்.

இந்த உரசலைக் குறைக்க எண்ணெய் விடுகிறோம். அந்த எண்ணெயோடு கரியையும் கலந்து, இரும்பின் மேல் அந்தக் கரி ஒரு மெல்லிய தோல் போலப் படியும்படி செய்து காட்டினார், ஓர் அமெரிக்கர். அவர் பெயர் எட்வர்டு குட்ரிச் அச்சிசன்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தேடியது கரியை அல்ல. வைரத்தை!

பதினாறு வயதில் வேலை

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் பெற்ற பூமி. அங்கே வாஷிங்டன் என்ற ஊரில், 1856-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி அச்சிசன் பிறந்தார். இது அமெரிக்காவின் தலைநகரம் அல்ல. அதே பெயர் கொண்ட வேறு ஊர்.

தந்தை வில்லியம் அச்சிசன் இரும்பு உலைத் தொழிலில் இருந்தார். உலையையும் நெருப்பையும் பார்த்துப் பார்த்தே சிறுவன் வளர்ந்தான்.

1870-ல் பெல்போன்ட் என்ற ஊரில் உள்ள பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். இரண்டே ஆண்டுகள்தான். நாட்டில் தொழில்கள் படுத்துவிட்டன. பல குடும்பங்களைப் போல அச்சிசன் குடும்பமும் தள்ளாடியது. 1872-ல் படிப்பு நின்றது. அப்போது எட்வர்டுக்கு வயது 16.

குடும்பத்துக்குச் சோறு வேண்டுமே! கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். உலையில் ஆட்களின் நேரக் கணக்கை எழுதினார். ரெயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தார். ரெயில் பாதை போடுவதற்கு நிலம் அளந்தார்.

பகலில் வேலை. இரவில் படிப்பு. வாத்தியார் இல்லாத படிப்பு. மின்சாரம் என்ற புதுமை அப்போதுதான் உலகை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தார். கையில் கிடைத்த சாமான்களை வைத்துப் பரிசோதனையும் செய்தார்.

17-வது வயதிலேயே, நிலக்கரிச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்க ஒரு யந்திரத்தை யோசித்து, அதற்குப் பேட்டண்ட் உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். மீசை முளைக்காத பையன்!

எடிசனிடம் போனார்

மின்சார விளக்கைக் கொடுத்து உலகத்தையே வியக்க வைத்த எடிசன், அப்போது நியூஜெர்சியில் மென்லோ பார்க் என்ற இடத்தில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார்.

1880-ல் அச்சிசன் அவரிடம் போனார். வேலை கேட்க அல்ல. தாமே செய்த ஒரு மின்கலத்தை அவரிடம் விற்க! மின்சார மேதையிடமே மின்கலத்தை விற்கப் போவது என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மின்கலம் விலை போகவில்லை. ஆனால் வேலை கிடைத்தது. 1880-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந் தேதி அச்சிசன் எடிசனின் ஆளாகச் சேர்ந்தார். வயது 24.

அந்தக் காலத்து விளக்குகளில் பின்னாளில் வந்தது போல உலோகக் கம்பி கிடையாது. கரி இழைதான். மயிர் போல மெல்லிய கரி இழைக்குள் மின்சாரம் பாயும். இழை பழுக்கக் காய்ந்து வெளிச்சம் தரும். நல்ல இழை செய்வதற்கான கரியை ஆராயும் வேலை அச்சிசனுக்குக் கிடைத்தது. அவருக்கும் கரிக்கும் ஏற்பட்ட உறவு அங்கேதான் தொடங்கியது. சாகும் வரை அது விடவில்லை.

1881-ல் அவரை எடிசன் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அந்த ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் எடிசனின் விளக்குகள் எரிந்தன. பிறகு இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து என்று பல நாடுகளிலும் விளக்குப் போடும் வேலை. மிலான் நகரத்தின் புகழ்பெற்ற லா ஸ்காலா நாடக அரங்கில் மின்விளக்கு எரிந்ததிலும் அவருடைய கை உண்டு.

1884-ல் அச்சிசன் அமெரிக்கா திரும்பினார். எடிசனிடம் இருந்து விலகினார். மார்கரெட் மாஹர் என்ற பெண்ணை மணந்துகொண்டார்.

இனி சொந்தக் காலில் நிற்கவேண்டும். டெலிபோன் கம்பிகளில் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் வந்து கலக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த உரிமையைத் தொழில் அதிபர் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. மனான்கஹீலா என்ற சிறு நகரத்துக்குக் குடிபோய், ஊருக்கு விளக்குப் போட ஒரு மின்சாரக் கம்பெனி தொடங்கினார்.

மின்சாரம் இரவில்தானே விலைபோகும்? பகலில் யந்திரம் சும்மா நின்றது. அந்த மின்சாரத்தை வைத்து என்ன செய்யலாம்?

வைரம் செய்யலாமே என்று தோன்றியது அச்சிசனுக்கு!

இரும்புச் சட்டியில் நெருப்பு

வைரம் செய்ய நினைத்தது பைத்தியக்காரத்தனம் அல்ல. வைரமும் கரிதான் என்பது விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும். அடுப்புக்கரி, பென்சிலில் உள்ள கறுப்புக் குச்சியின் கிராபைட், மோதிரத்து வைரம் மூன்றும் கார்பன் என்ற ஒரே பொருளின் மூன்று வேஷங்கள். கரியைத் தகுந்தபடி காய்ச்சினால் வேஷம் மாறாதா?

1891-ல் ஒரு நாள். ஈயம் உருக்கும் இரும்புச் சட்டி ஒன்றை எடுத்தார். களிமண்ணையும், பொடி செய்த கல்கரியையும் கலந்து அதில் நிரப்பினார். மின்கம்பி ஒன்றைச் சட்டியில் கட்டினார். மற்றொரு கம்பியை ஒரு கரிக்குச்சியில் கட்டி, அந்தக் குச்சியைக் கலவைக்குள் சொருகினார். மின்சாரத்தைப் பாய்ச்சினார்.

கலவை கொதித்தது. உருகியது. பிறகு ஆறியது.

உள்ளே வைரம் இருந்ததா? இல்லை. கட்டியாகிப் போன மண்தான் இருந்தது. இன்னொருவராக இருந்தால் சட்டியைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போயிருப்பார். அச்சிசன் கரிக்குச்சியை வெளியே எடுத்து, அதன் நுனியை உற்றுப் பார்த்தார். சில பொட்டுகள் மினுமினு என்று மின்னின.

அதில் ஒரு பொட்டை எடுத்துப் பென்சில் முனையில் ஒட்டினார். ஜன்னல் கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

கண்ணாடி கீறியது!

கண்ணாடியைக் கீறும் கடினம் அந்தப் பொட்டுக்கு இருந்தது. அச்சிசன் மறுபடியும் மறுபடியும் சட்டியைக் காய்ச்சி, அந்தப் பொட்டுகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்.

இந்தப் புதுப் பொருளுக்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். கார்பனும், கொரண்டம் என்ற கடினக் கல்லும் சேர்ந்தது என்று அவர் நினைத்தார். அது தவறு. களிமண்ணில் உள்ள சிலிக்கனும் கரியும் சேர்ந்த பொருள் அது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

வைரத்துக்கு அடுத்தபடி சொல்லத்தக்க கடினம்! வைரக்கற்களுக்குப் பட்டை தீட்டுவோரிடம் கொண்டு போய்க் காட்டினார். வாங்கினார்கள். ஒரு காரட் 40 சென்டு. பவுண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 880 டாலர்!

டைரக்டர்கள் ஓடினார்கள்

அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? பொடி வைரக்காரருக்கு மட்டும் போனால் தொழில் நடக்காது. சாணைச் சக்கரமாகச் செய்து, பட்டறைக்குப் பட்டறை போகவேண்டும். அதற்கு விலை இறங்கவேண்டும். விலை இறங்க, மின்சாரம் மலிவாகக் கிடைக்கவேண்டும்.

1893-ல் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு விளக்குப் போட்டவர் வெஸ்டிங்ஹவுஸ். அவருடைய விளக்குகளுக்குக் கண்ணாடி அடைப்பான்களைத் தேய்த்து எடுக்க, கார்போரண்டம் சக்கரங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். கொஞ்ச காலம் மூச்சு வந்தது.

அப்போது நயாகரா நீர்வீழ்ச்சியில் இருந்து மின்சாரம் எடுக்கப் பெரிய நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சிசன் அங்கே போனார். 1,000 குதிரைச் சக்தி மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்!

மனான்கஹீலாவில் இருந்த சிறிய ஆலையில் செய்த சரக்கில் பாதிகூட விற்கவில்லை. இந்த லட்சணத்தில் பல மடங்கு பெரிய ஆலையா? கம்பெனி டைரக்டர்களுக்குத் தலை சுற்றியது. இந்த மனிதர் நம்மையும் சேர்த்து ஆற்றில் தள்ளிவிடுவார் என்று பயந்தார்கள். எல்லோரும் ஒரே மொத்தமாக ராஜினாமா செய்துவிட்டார்கள்.

அச்சிசன் பின்வாங்கவில்லை. 1895-ல் நயாகராவில் ஆலை ஓடத் தொடங்கியது. அருவியின் மின்சாரத்தை விலைக்கு வாங்கிய முதல் ஆலைகளில் அது ஒன்று. நாளடைவில் கார்போரண்டம் பவுண்டு சில சென்டுகளுக்கு வந்துவிட்டது. கத்தி தீட்டும் கடையில் இருந்து மோட்டார் ஆலை வரை அது நுழைந்தது.

அவர் கணக்குப் போட்டது சரிதான். ஆனால் ஆலை கட்ட வாங்கிய கடன்? கடன் கொடுத்தவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்து மெல்லன் என்ற பாங்கிக் குடும்பத்தார். சரக்கு விற்பதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கைக்குப் போய்விட்டது. டைரக்டர்கள் ஓடியபோதும் ஓடாதவர், தாமே பெற்ற குழந்தையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

உலையில் மறைந்திருந்த கரி

ஆனால் அந்த உலை அவருக்கு இன்னொரு பொருளையும் கொடுத்திருந்தது.

கார்போரண்டம் உலையின் நடுப்பகுதி எப்போதும் அதிகமாகக் காயும். அங்கே கார்போரண்டம் இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பாக, வழவழப்பாக ஏதோ இருப்பதை அச்சிசன் பார்த்தார். தொட்டால் விரலில் ஒட்டியது.

அது கிராபைட்! அளவுக்கு மீறிய உஷ்ணத்தில் சிலிக்கன் ஆவியாகிப் போய்விட்டது. கரி மட்டும் மிஞ்சியது. வைரத்தோடு போட்டி போடும் கடினக் கல், காய்ச்சக் காய்ச்ச, விரலால் தேய்த்தாலே மாவாகும் கரியாகிவிட்டது!

இதற்கும் 1896-ல் பேட்டண்ட் உரிமை வாங்கினார். 1899-ல் அச்சிசன் கிராபைட் கம்பெனி பிறந்தது. பூமியைத் தோண்டி எடுக்கும் கிராபைட்டில் மண்ணும் கல்லும் கலந்திருக்கும். உலையில் செய்த கிராபைட்டோ சுத்தமானது. மின்சார உலைகளுக்கும், உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளுக்கும் அதில் செய்த பெரிய தண்டுகள் போயின.

கிராபைட் ஏன் வழுக்குகிறது தெரியுமா? பென்சில் சீவும்போது கொட்டும் தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அதற்குள் கார்பன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தகட்டுக்குள் அணுக்கள் கையோடு கை கோத்து உறுதியாக நிற்கும். ஆனால் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் பிடிப்பு மிகக் குறைவு. சீட்டுக்கட்டு போல. மேல் சீட்டை விரலால் தள்ளினால் நழுவிப் போகும் அல்லவா? பென்சில் எழுதுவதே அப்படித்தான். தகடுகள் நழுவிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வைரத்திலோ ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் அணுக்களை இறுகப் பிடித்திருக்கும். நழுவ வழியே இல்லை.

இவ்வளவு வழுக்கும் பொருளை யந்திரங்களுக்கு மசகாகப் போடலாமே? போடலாம். ஆனால் ஒரு தொல்லை. எண்ணெயில் கிராபைட் தூளைக் கலந்தால் சிறிது நேரத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும். எண்ணெய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். யந்திரத்தைக் காப்பாற்ற வந்ததே யந்திரத்துக்கு எமனாகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது வேறு ஓர் ஆராய்ச்சி. அது களிமண் ஆராய்ச்சி!

வைக்கோல் சொன்ன பாடம்

உலோகம் உருக்கும் மூசைகளைக் கிராபைட்டும் களிமண்ணும் கலந்து செய்வார்கள். அமெரிக்கக் களிமண் அதற்கு ஒத்துவரவில்லை. ஜெர்மனியில் இருந்து மண் வரவழைத்தார்கள். 1901-ல் அச்சிசன் இதைப் பற்றி யோசித்தார். மண்ணுக்கு மண் என்ன வித்தியாசம்? சோதித்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சத்துகள்தான். பிறகு ஏன் ஒன்று நன்றாகக் குழைகிறது, மற்றொன்று குழையவில்லை?

மண் மலையில் பிறந்த இடத்தில் இருந்து ஆற்றோடு அடித்து வரப்படுகிறது. வழியில் இலையும் தழையும் பட்டையும் ஊறிய தண்ணீர் அதோடு சேர்கிறது. அந்தச் சாறுதான் மண்ணைக் குழைய வைக்கிறதோ?

பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்துக்கு டானின் என்று பெயர். கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தச் சத்து. தோல் பதனிடவும் அதுதான் உதவுகிறது. அச்சிசன் களிமண்ணில் கொஞ்சம் டானின் சேர்த்துப் பார்த்தார். மண் வெண்ணெய் போலக் குழைந்தது. காய்ந்த பிறகு முன்னைவிட உறுதியாகவும் நின்றது.

இதற்கு முன் யாருக்காவது இது தெரிந்திருக்குமா என்று பழைய நூல்களில் தேடினார். பைபிளில் ஒரு கதை அவருக்கு நினைவு வந்தது. எகிப்து நாட்டு அரசன் இஸ்ரவேல் மக்களைச் செங்கல் அறுக்க வைத்து வாட்டிய கதை. இனி வைக்கோல் கொடுக்கமாட்டோம், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று அரசன் கட்டளை போட்டான்.

செங்கல்லுக்கு வைக்கோல் எதற்கு? மண்ணைப் பிடித்து வைக்கும் நாருக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வைக்கோலில் அவ்வளவு வலுவான நார் இல்லையே என்று அச்சிசனுக்குச் சந்தேகம். வைக்கோலைத் தண்ணீரில் வேகவைத்தார். சிவந்த சாறு இறங்கியது. அதை மண்ணில் ஊற்றிப் பிசைந்தார். டானின் செய்த வேலையை அந்தச் சாறும் செய்தது! அந்த மண்ணுக்கு எகிப்து மண் என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தார்.

இதில் அவர் இன்னொன்றையும் கவனித்தார். டானின் கலந்த களிமண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்தால் அது அடியில் படியவில்லை. நாள் கணக்கில் தண்ணீரிலேயே மிதந்தது.

மிதந்தது கரி

1906-ல் அவருக்கு மிக மிருதுவான கிராபைட் தயாராகிவிட்டது. எண்ணெயில் படிந்துபோகும் பழைய தொல்லை மட்டும் பாக்கி. அப்போது களிமண் நினைவுக்கு வந்தது. மண்ணுக்குச் செய்ததைக் கரிக்கும் செய்தால் என்ன?

டானின் கலந்த தண்ணீரில் கிராபைட்டைப் போட்டு அரைத்தார். நன்றாக அரைத்த பிறகு தண்ணீர் விட்டார். மை போலக் கறுத்த நீர். காத்திருந்தார். கரி படியவில்லை! வடிகட்டும் காகிதத்தில் ஊற்றினால், கரியும் தண்ணீரோடு சேர்ந்தே காகிதத்தின் வழியே இறங்கியது. அவ்வளவு நுண்மை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு கரித்துகளையும் டானின் போர்த்திக்கொள்கிறது. போர்வை கட்டிய துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. ஒன்றுகூடிக் கட்டியானால்தானே கனத்தால் கீழே இறங்கும்? கூடவே விடாமல் டானின் தடுத்துவிடுகிறது. ஆனால் அதே நீரில் சிறிது உப்போ அமிலமோ விழுந்தால் போச்சு. விலகி நின்றவை எல்லாம் கூடிக் கட்டியாகி அடியில் விழுந்துவிடும்.

தண்ணீரில் கலந்த கரிக்கு அக்குவாடாக் என்று பெயர் வைத்தார். தண்ணீரில் குழைந்த அந்தக் கரியை எண்ணெயோடு போட்டுப் பிசைந்தால், கரி தண்ணீரை விட்டு எண்ணெய்க்கு மாறிவிடும். அதற்கு ஆயில்டாக் என்று பெயர். மிச்சிகன் மாகாணத்தில் போர்ட் ஹூரன் என்ற ஊரில் இதற்காகவே ஒரு கம்பெனி தொடங்கினார்.

அந்த எண்ணெய் யந்திரத்துக்குள் போனால் என்ன செய்யும்?

எவ்வளவு பளபளப்பாகக் கடைந்த இரும்பானாலும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு இரும்பு உரசும்போது மேட்டோடு மேடு மோதுகிறது. சூடேறிச் சில இடங்களில் ஒட்டிக்கொள்கிறது, பிய்கிறது. தேய்மானம் என்பது இதுதான். எண்ணெய் நடுவில் இருக்கும் வரை கவலை இல்லை. யந்திரம் கிளம்பும்போதும் நிற்கும்போதும், பாரம் அதிகமாகும்போதும் எண்ணெய் விலகிவிடும். அந்தச் சமயத்தில்தான் இரும்பு இரும்பைக் கடிக்கிறது.

அச்சிசனின் கரி முதலில் பள்ளங்களில் போய் உட்காரும். உரச உரச, மேடுகளின் மேலும் தேய்ந்து பரவும். தகடுகள் எல்லாம் இரும்பின் மேல் பாய் விரித்தது போலப் படுத்துக்கொள்ளும். வீட்டில் சாணம் மெழுகிய தரை போல, மேடு பள்ளம் தெரியாமல் ஒரு கறுப்புப் பூச்சு. அதன் பிறகு எண்ணெய் சற்றே விலகினாலும் இரும்பு இரும்பைத் தொடாது. கரிதான் கரியின் மேல் நழுவும்.

இதைத் தனியாக யாரும் பூசவேண்டியதில்லை. உரசல்தான் தேய்க்கிறது, அந்த உரசலே மருந்தையும் தடவிக்கொடுக்கிறது.

இதன் பயனில் ஒன்றைக் கேட்டால் சிரிப்பு வரும். எடிசனின் விளக்கில் கரி இழை இருந்தது அல்லவா? 1910-ஐ ஒட்டி டங்ஸ்டன் என்ற உலோக இழை வந்து கரி இழையை ஓட்டிவிட்டது. டங்ஸ்டன் மிகக் கடினமான உலோகம். அதைச் சிறிய துளை வழியே இழுத்து இழுத்து மயிர்போல மெல்லிய கம்பியாக்கவேண்டும். வழுக்க ஏதாவது பூசாவிட்டால் கம்பி அறுந்துவிடும். பூசியது எது? அச்சிசனின் அக்குவாடாக்! விளக்கை விட்டு விரட்டப்பட்ட கரி, புது விளக்குக்கும் மசகாக வந்து சேர்ந்தது.

பின்னாளில், முதுகு புடைத்த பழைய டெலிவிஷன் பெட்டிகளின் படக் குழாய்க்குள் பூசிய கறுப்புப் பூச்சும் அக்குவாடாக்தான்.

பரிசும் பதக்கமும்

எடிசனிடம் மின்கலம் விற்கப்போன பையனை இப்போது விஞ்ஞான சபைகள் கூப்பிட்டு மாலை போட்டன. ரம்போர்டு பரிசு கிடைத்தது. ரம்போர்டு என்பவர் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் பீரங்கிக் குழாயைக் குடையும்போது, உரசலால் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடு பிறப்பதைக் காட்டியவர். உரசலை ஆராய்ந்தவர் பெயரில் அமைந்த பரிசு, உரசலைக் குறைத்தவருக்குப் போனது பொருத்தமே. ஆனால் பரிசு கொடுத்தது மின்சார உலைக்காக.

1908-ல் அமெரிக்க மின்வேதியியல் சங்கத்தின் தலைவரானார். 1910-ல் பெர்க்கின் பதக்கம் கிடைத்தது. 1926-ல் அமெரிக்கப் பேட்டண்ட் அலுவலகம், தொழில் யுகத்துக்குக் காரணமான 22 பேட்டண்டுகளை வரிசைப்படுத்தியபோது, அதில் கார்போரண்டமும் இடம் பெற்றது. அந்தப் பெருமை வந்தபோது கார்போரண்டம் கம்பெனி அவருடையதாக இல்லை.

மொத்தம் 70 பேட்டண்டுகள். மின்வேதியியலில் சாதனை செய்பவர்களுக்குப் பதக்கம் கொடுக்க நிதி வைத்தார். சங்கத்தார் 1929-ல் முதல் பதக்கத்தை அவருக்கே கொடுத்தார்கள்!

1931-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி நியூயார்க் நகரில் அச்சிசன் காலமானார். வயது 75.

அவருக்குத் தெரியாதது

இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தன. அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. விமானத்தின் ஜெனரேட்டரில் சுழலும் செம்பு வளையத்தின் மேல் கரிக்கட்டை உரசிக்கொண்டே இருக்கும். மின்சாரம் அதன் வழியே போகும். வீட்டு மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் என்று கடைக்காரர் மாற்றிக் கொடுக்கிறாரே, அதே சாமான்தான். செம்பின் மேல் மெல்லிய கரிப்படலம் படிந்து அதைக் காக்கும். தரையில் மாதக்கணக்கில் உழைக்கும் கட்டை, மேலே போனதும் மளமளவென்று பொடியாக உதிர்ந்தது!

கிராபைட் கெட்டுவிட்டதா? இல்லை. மேலே காற்றில் ஈரம் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் சாவேஜ் இதைச் சோதித்து விளக்கினார். காற்றில் உள்ள நீராவி கரித்தகடுகளில் ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் அவை ஒன்றின்மேல் ஒன்று சுலபமாக நழுவுகின்றன. ஈரம் போனால் வழுக்கலும் போச்சு. சீட்டுக்கட்டு நழுவ ஈரக்காற்றும் வேண்டும் என்பது அச்சிசன் அறியாத ரகசியம்.

தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக உலோக மூட்டு வைக்கிறார்கள் அல்லவா? உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒரு வகை மூட்டை, நோயாளிகளின் உடலில் இருந்து வெளியே எடுத்த பிறகு ஆராய்ந்தார்கள். அதன் மேல் ஒரு படலம் இருந்தது. உடம்பில் உள்ள புரதம் படிந்தது என்று நினைத்திருந்தார்கள். 2011-ல் அமெரிக்க, ஜெர்மன் விஞ்ஞானிகள் நுட்பமாகப் பார்த்தபோது, அதில் கிராபைட் போன்ற கரி இருந்தது! யாரும் மசகு போடவில்லை. நடக்க நடக்க, உடம்பே உரசலில் செய்துகொண்ட கரி.

2016-ல் சிகாகோவுக்கு அருகில் உள்ள ஆர்கான் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். மாலிப்டினம், நைட்ரஜன், செம்பு மூன்றும் சேர்ந்த ஒரு பூச்சை எஃகின் மேல் பூசி, சாதாரண எண்ணெய் விட்டு, அழுத்தித் தேய்த்தார்கள். எண்ணெயில் கரித்தூள் எதையும் கலக்கவில்லை. ஆனால் எண்ணெயே கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்தானே! உரசலில் அந்த எண்ணெய் உடைந்தது. அதில் இருந்த கரி பிரிந்து இரும்பின் மேல் ஒரு படலமாகப் படிந்தது. படலம் தேய்ந்தால், எண்ணெய் மறுபடி உடைந்து, தேய்ந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது.

அந்தப் படலத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது பென்சில் கரி அல்ல. கார்பன் அணுக்களில் ஒரு பகுதி வைரத்தில் இருப்பது போலவே ஒன்றையொன்று பிடித்திருந்தன.